விழுந்த தடவைகளை வெட்டாத படம்

ஸ்கேட்போர்டு வீடியோ எடுப்பவர்களிடம் எழுதாத விதி ஒன்று உண்டு: சரியாக வந்து இறங்கிய தடவை மட்டும்தான் படம். பத்துப் படிக்கட்டைத் தாண்டி ஒரு கிக்ஃப்ளிப் (பலகையைக் காற்றில் ஒரு சுற்று உருளவிடும் வித்தை) அடிக்க ஒருவன் முப்பது தடவை முயல்வான், ஐம்பது தடவை முயல்வான். முடியாவிட்டால் அடுத்த வாரம் அதே இடத்துக்குத் திரும்பி வருவான். முழங்கைத் தோல் உரியும், குதிகால் கன்றிப்போகும், காவலாளி வந்து விரட்டுவார். கடைசியில் இரண்டு காலும் பலகைமேல் ஊன்றி உருண்டு போகிற அந்த மூன்று விநாடிதான் வீடியோவில் சேரும். மற்றதெல்லாம் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும், இடம் போதாதபோது அழிக்கப்படும்.

பிங் லியு இயக்கி 2018இல் வெளிவந்த 'மைண்டிங் த கேப்' அந்த மிச்சத்திலிருந்து எழுந்த ஆவணப்படம். 93 நிமிடம். சாகசங்கள் இருக்கின்றன, அழகாகவே இருக்கின்றன. ஆனால் படத்தின் எடை ஒருவன் பலகையைத் தரையில் அறைந்து உடைக்கும் நிமிடத்திலும், சமையலறையில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற சண்டையிலும் இருக்கிறது. வழக்கமான ஸ்கேட் வீடியோவில் முதலில் வெட்டப்படுவது இவைதான்.

தலைப்பிலுள்ள 'கேப்' ஸ்கேட்டர்களின் சொல். இரண்டு மேடைகளுக்கு நடுவில், அல்லது படிக்கட்டின் தலைக்கும் அடிக்கும் நடுவில், பலகையோடு பறந்து தாண்ட வேண்டிய வெற்றிடத்துக்கு அந்தப் பெயர். லண்டன் சுரங்க ரயிலில் பெட்டிக்கும் நடைமேடைக்கும் இடையில் கால் சிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அறிவிப்பும் 'மைண்ட் த கேப்'தான். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்துக்கொண்டால் தலைப்புக்கு மூன்று அர்த்தம்.

களம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ராக்ஃபோர்டு. சிகாகோவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர், ராக் ஆற்றின் இரு கரையிலும் பரந்த ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் மரச்சாமான், பிறகு இயந்திரக் கருவிகள், திருகாணிகள் என்று உற்பத்தி செய்த ஊர். 'திருகாணி நகரம்' என்ற பட்டப்பெயரே உண்டு. 1980களின் தொடக்கத்தில் நாட்டிலேயே வேலையின்மை மிக மோசமாக இருந்த நகரங்களில் இதுவும் ஒன்று. ஆலை போன ஊர் ஸ்கேட்டருக்கு ஒரு விதத்தில் வசதி, இதைச் சொல்லத்தான் வேண்டும். காலியான வாகன நிறுத்தக் கட்டடங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத மையத் தெருக்கள், யாரும் காவல் வைக்காத கான்கிரீட் விளிம்புகள். படத்தின் தொடக்கத்தில் பையன்கள் அகலமான தெருக்களில் தடையில்லாமல் வழுக்கிப் போகிறார்கள். அந்தச் சுதந்திரமும் ஊரின் வறுமையும் ஒரே காரணத்தில் பிறந்தவை. படம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, சக்கரம் போகும் வழியெல்லாம் காட்டிக்கொண்டே போகிறது.

பையன்கள் மூவர். ஸாக், 23 வயது, கூரை வேலை பார்ப்பவன். அவன் துணை நீனாவுக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது. கியர், 17 வயதுக் கறுப்பின இளைஞன், அப்பாவை இழந்தவன், ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்கிறான். மூன்றாமவர் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் பிங் லியு. சீனாவில் பிறந்து, சிறுவனாகத் தாயோடு அமெரிக்கா வந்து, ராக்ஃபோர்டில் மாற்றாந்தந்தையின் வீட்டில் வளர்ந்தவர். மூன்று வீட்டிலும் அடி இருந்தது.

பலகையைப் பற்றித் தெரியாமல் இந்தப் படத்தைப் பார்க்கலாம். தெரிந்து பார்த்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படும்.

தெருவில் ஓட்டும் ஸ்கேட்போர்டின் டெக், அதாவது கால் வைக்கும் பலகை, ஏழு அடுக்கு மேப்பிள் மரத் தகடுகளைப் பசையிட்டு அழுத்தி வளைத்தது. அகலம் 8 அங்குலத்துக்குச் சற்று முன்பின், நீளம் 31, 32 அங்குலம். மேலே உப்புத்தாள் போன்ற கிரிப் டேப். அடியில் இரண்டு டிரக், சக்கர அச்சைத் தாங்கும் உலோகப் பாகங்கள். ஒவ்வொன்றும் நான்கு போல்ட்டில் மாட்டியிருக்கும். டிரக்கின் நடுவில் ஓடும் கிங்பின் என்ற தடித்த போல்ட்டைச் சுற்றி இரண்டு ரப்பர் போன்ற புஷிங். உடம்பைச் சாய்த்தால் புஷிங் நசுங்கும், பலகை திரும்பும். நட்டை இறுக்கினால் திரும்பாது, தளர்த்தினால் வேகத்தில் தள்ளாடும். சக்கரம் நான்கு, விட்டம் 50 முதல் 54 மில்லிமீட்டர், கடினத்தை அளக்கும் கணக்கில் 99ஏ, கிட்டத்தட்டக் கல். ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங், மொத்தம் எட்டு. எல்லாம் 608 என்ற பொது அளவு: உள்துளை 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். சிறிய மின்மோட்டார்களில் போடும் அதே பேரிங்தான்.

இந்தக் கட்டுமானம் தேய்வதற்கென்றே செய்தது. பலகையின் பின்முனையான வாலைத் தரையில் அறைந்து அறைந்து விளிம்பு கத்திபோல் கூராகும். மழையில் நனைந்தால் அடுக்குகள் பிரியும், அறைந்தால் எழும் 'டக்' என்ற கணீர் ஓசை மங்கிப்போகும். போல்ட்டுகளின்மேல் கால் வைத்து இறங்கினால் அதிர்ச்சி டிரக் வழியாகச் சக்கரத்துக்குப் போய்விடும். நடுவில் இறங்கினால் பலகை இரண்டாக ஒடியும். தினமும் ஓட்டுபவனுக்கு ஒரு டெக் சில வாரம் வந்தாலே பெரிது. பாத்திரம் கழுவும் சம்பளத்தில் வாழ்பவனுக்குப் புது டெக் என்பது கணக்குப் போட்டு வாங்க வேண்டிய பொருள். சிறுவயதுக் காட்சியில் கியர் ஆத்திரம் தலைக்கேறித் தன் பலகையைத் தானே உடைக்கும்போது அவன் அழிப்பது கையிலிருக்கும் ஒரே சொத்தை. வாலில் முனை ஒடிவது தேய்மானம், நடுவில் ஒடிவது தவறான இறக்கம், இவன் கையில் ஒடிவது இரண்டும் இல்லை. பின்னொரு இடத்தில் அவன் பலகையின் அடிப்பக்கம் ஒரு வாசகம் தெரிகிறது: இந்தச் சாதனம் மனவலியைக் குணமாக்கும் என்ற பொருளில். மருந்துப் புட்டியில் ஒட்டும் சீட்டின் தொனி. நகைச்சுவைதான், பாதி.

எப்படிக் குணமாக்கும்? 'ஆலி' என்ற அடிப்படைத் தாவலை எடுத்துக்கொள்வோம். தெரு ஸ்கேட்டிங்கின் பாதி வித்தைகளுக்கு அதுவே முதல் எழுத்து. பின்காலின் முன்பாதம் பலகையின் வாலில். முன்கால், முன் டிரக் போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னால். முழங்காலை மடக்கிப் பதுங்கி, மேலே எழும்பத் தொடங்கிய பிறகு, கணுக்காலால் வாலைத் தரையில் அறைய வேண்டும். பலகை செங்குத்தாக எழும். அந்தக் கணத்தில் முன்காலின் வெளிவிளிம்பைக் கிரிப் டேப்பில் உரசியபடி பலகையின் முன்முனையான மூக்குவரை இழுத்தால் பலகை காற்றில் கிடைமட்டமாகும்; இரண்டு காலும் போல்ட்டுகளின்மேல், முழங்கால் மடங்கி, இறக்கம். எடை பின்னால் போனால் பலகை முன்னே பாய்ந்துவிடும், ஆள் இடுப்பெலும்பில் உட்காருவான். எழும்புமுன் அறைந்தால் பலகை காலடியிலேயே மாட்டிக்கொள்ளும். புதியவர்களைப் பெரும்பாலும் வீழ்த்துவது வேறொன்று: கடைசி நொடியில் பயந்து ஒரு காலை மட்டும் தரையில் வைப்பது. மற்றொரு கால் பலகையோடு போய்விடும், கணுக்கால் மடங்கும். முழுமனதாகப் போய் விழுபவனைவிட அரைமனதாக இறங்குபவனுக்கே அடி அதிகம்.

விழுவதையும் கற்க வேண்டும். கையை விறைப்பாக நீட்டி ஊன்றினால் மணிக்கட்டின் ஸ்காஃபாய்டு எலும்பு முறியும். ரத்த ஓட்டம் குறைந்த சிறு எலும்பு, முதல் சில நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், கூடுவதற்கு மாதங்கள் ஆகும். அதனால் முழங்கையை மடக்கி, தோளில் உருண்டு, வேகத்தைத் தரையில் கரைக்கப் பழகுகிறார்கள்.

இதை வீட்டில் அடி வாங்கும் ஒரு பையனின் பக்கமிருந்து பாருங்கள். வீட்டில் அடி எப்போது வரும், எதற்கு வரும், எவ்வளவு வரும் என்று தெரியாது. தெருவில் காரணம் தெரியும்: எடை பின்னால் போயிற்று, அடுத்த தடவை முன்னால் சாய்க்கலாம். நாள், இடம், உயரம் எல்லாம் அவனே தேர்ந்தெடுப்பது. விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் பலகையைத் தரையில் தட்டி ஆரவாரிப்பார்கள்; எவனும் ஏன் அழுகிறாய் என்று மிரட்ட மாட்டான். ஸ்கேட்டிங் துயரத்தைத் தீர்க்கிறது என்று படம் சொல்வதாகப் பலர் எழுதினார்கள். படம் காட்டுவது அவ்வளவு இனிப்பாக இல்லை. அடிபட்ட உடம்புக்கு ஒரு கட்டுப்பாடு கிடைக்கிறது. அந்த உடம்பு வீட்டுக்குத் திரும்பியதும் என்ன செய்யும் என்பதற்கு ஸ்கேட்டிங்கிடம் பதில் கிடையாது. கூரை வேலையும் ஸ்கேட்டிங்கும் நன்றாகத் தெரிந்த ஸாக், தன் துணையிடம் கைநீட்டுபவனாகிறான்.

இனி கேமரா. ஸ்கேட்டர் கூட்டத்தில் 'ஃபில்மர்' என்றொரு பதவி உண்டு. வித்தை அடிக்கும் அளவுக்குச் சிறந்தவனாக இல்லாவிட்டாலும், வித்தை அடிப்பவனுக்குப் பின்னால் அதே வேகத்தில் பலகையில் போகத் தெரிந்தவன். கல் போன்ற சக்கரத்தோடு படமெடுக்க முடியாது. ஒவ்வொரு தெருவிரிசலும் படத்தில் அதிரும், இரைச்சல் ஒலியைக் கெடுக்கும். அதனால் ஃபில்மர்கள் 80ஏ அருகே மென்மையான, 56 முதல் 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் போடுவார்கள். வழக்கமான ஸ்கேட் வீடியோவுக்கு மீன்கண் லென்ஸ்: ஓரங்களை வளைத்து, ஐந்து படியைப் பத்தாகக் காட்டும். அதற்குக் கேமராவைத் தரையோடு தரையாக, பலகைக்கு ஒரு கைத்தூரத்துக்கும் குறைவாகப் பிடிக்க வேண்டும். முகம் படத்தில் இருக்காது. சக்கரமும் காலணியும்தான் கதாநாயகர்கள்.

பிங் லியு ஃபில்மராகத் தொடங்கியவர். பதின்ம வயதில் நண்பர்களைப் படமெடுத்தார். பிறகு சிகாகோவில் படப்பிடிப்புக் குழுக்களில் கேமரா பிரிவில் வேலை பார்த்தார். 'மைண்டிங் த கேப்'பின் புகழ்பெற்ற வழுக்கல் காட்சிகளில் அவரும் பலகையில்தான் போகிறார், எதிர்எடை மாட்டிய கைப்பிடி நிலைநிறுத்தியில் கேமராவை ஏந்தியபடி. இந்த வகைக் கருவியைச் சமன் செய்ய ஒரு சோதனை உண்டு: கைப்பிடியைத் தாங்கியபடி தண்டைக் கிடைமட்டமாக்கி விடுவித்தால் அது செங்குத்தாக வர இரண்டு மூன்று விநாடி ஆக வேண்டும். அதைவிட வேகமாக விழுந்தால் அடியெடை அதிகம், ஒவ்வொரு திருப்பத்திலும் ஊசல்போல் ஆடும். மெதுவாக விழுந்தால் காற்றே சாய்த்துவிடும். பல நிமிடம் ஒரே கையில் தாங்க வேண்டும். சக்கரத்தில் ஒரு சிறு கல் சிக்கினால் ஆளும் கேமராவும் சேர்ந்து தரைக்குப் போவார்கள், ஊன்றுவதற்குக் கை காலியாக இருக்காது.

சிரமத்துக்குக் கிடைக்கும் பலன், கேமரா தரையைவிட்டு மார்பு உயரத்துக்கு எழுகிறது. சக்கரத்துக்குப் பதில் முகம் வருகிறது. கியர் வளைந்து வளைந்து போகும்போது அவன் தோளும் சிரிப்பும் சுற்றியுள்ள ஊரும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. நண்பனின் கண் உயரம் அது. அதே கேமரா அதே உயரத்தில் பிற்பாடு வீட்டுக்குள் நுழைகிறபோது யாரும் விறைப்பதில்லை. பல வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. கதவருகில் நின்று சண்டையைப் படமெடுக்க முடிந்ததன் ரகசியம் துணிச்சலைவிடப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் இப்படியொரு படமாக இது திட்டமிடப்படவில்லை. நாட்டின் பல ஊர்களில் உள்ள ஸ்கேட்டர்களைச் சந்தித்து, அவர்கள் அப்பாக்களைப் பற்றிக் கேட்கும் ஒரு தொகுப்பாகத்தான் தொடங்கியது. பேட்டிகள் குவிந்தன, எல்லாரும் ஒரே மாதிரிப் பேசினார்கள், அதுவே சிக்கல். ஒருவரை ஒருமுறை சந்தித்துக் கேட்டால் அவர் ஏற்கெனவே தனக்குச் சொல்லிவைத்திருக்கும் கதைதான் கிடைக்கும். மாறுவதைக் காட்ட வருடங்கள் வேண்டும். சிகாகோவின் கார்டெம்க்வின் என்ற ஆவணப்பட நிறுவனம் படத்தோடு சேர்ந்தது இந்த இடத்தில் முக்கியம். 1966இல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் பெயர்பெற்ற படம் 1994இன் 'ஹூப் ட்ரீம்ஸ்'. இரண்டு கூடைப்பந்துச் சிறுவர்களைப் பின்தொடர்ந்து ஏறத்தாழ 250 மணிநேரம் எடுத்து, மூன்று மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருக்கியது. அதன் இயக்குநர் ஸ்டீவ் ஜேம்ஸ் இங்கே நிர்வாகத் தயாரிப்பாளர். தயாரிப்பாளர் டயான் குவான். பரந்த தொகுப்பு ராக்ஃபோர்டுக்குச் சுருங்கியது, பிறகு ஸாக், கியர் என்று இருவருக்கு. இயக்குநரே மூன்றாவது ஆளாக வந்தது கடைசியில், தயக்கத்தோடு. படத்தொகுப்பில் ஜோஷுவா ஆல்ட்மன் உடனிருந்தார். சொந்தக் காயத்தை வெட்டுவதா வைப்பதா என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் மாற்றியது நீனா.

படத்தின் முதல் பாதியில் ஸாக் எல்லாருக்கும் பிடித்தவன். பேச்சும் சிரிப்பும், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் கையும். பார்வையாளர் அவன் பக்கம் சாய்ந்த பிறகு, ஒரு கைப்பேசி ஒலிப்பதிவு வருகிறது: நீனா ஆவேசமாகக் கத்தி மிரட்டுவது. அதை முதலில் கேட்பவருக்கு, இரண்டு பேரும் கோபக்காரர்கள், சண்டை வீடு என்றுதான் தோன்றும். பிறகுதான் நீனா கேமராமுன் தனியாக, அந்தக் கத்தலுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறார். அவர் அடிபட்டிருக்கிறார். வரிசையைக் கவனியுங்கள். உண்மையை முதலில் சொல்லிவிட்டுப் பதிவைப் போட்டிருந்தால் நாம் நீதிபதிகளாக வசதியாக உட்கார்ந்திருப்போம். இப்போது, சண்டையின் வால்பகுதியை மட்டும் பதிவுசெய்தவனின் சாட்சியை நாமும் ஒரு கணம் நம்பிவிட்டோம். அக்கம்பக்கமும் உறவும் இப்படித்தான் நம்புகின்றன.

இங்கே ஆவணப்படக்காரருக்கு வரும் நடைமுறைக் கேள்விகள் கடினமானவை. ஒரு பெண், உன் நண்பன் என்னை அடித்தான் என்று உன்னிடம் சொல்கிறாள். உடனே போய் அவனைக் கேட்டால் நீதி செய்ததுபோல் இருக்கும். செய்தால், அவள் சொன்னது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிரவு அந்த வீட்டில் கேமரா இருக்காது. குடும்ப வன்முறையில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பெண் பிரிந்து போகும் காலமும் வெளியே சொல்லிவிட்ட காலமும்தான் ஆபத்து கூடும் நேரம். ஆகவே அவள் அனுமதியின்றி அவள் சொன்னதை அவனிடம் கொண்டுபோகக் கூடாது. பேட்டி தனித்தனியாக இருக்க வேண்டும். அவளுக்குப் போக இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்து வாங்கிய ஒப்புதல் தாள் சட்டத்துக்குப் போதும், மனிதருக்குப் போதாது. முதல் நாள் சம்மதித்தவர் மூன்றாம் வருடம் வேறொருவராகியிருப்பார், மறுபடி கேட்க வேண்டும். பிங் லியு துறை அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டபிறகே முன்னகர்ந்தார். நீனா அத்தை மாமா வீட்டுக்குப் போய்த் தன் காலில் நிற்கத் தொடங்குகிறார்; ஸாக்கிடம் அந்தக் கேள்வி நேராக வைக்கப்படுவது படத்தின் கடைசிப் பகுதியில்தான்.

அந்தக் கேள்விக்கு முன்பே ஸாக் ஒரு இடத்தில் தானே பேசிவிடுகிறான். பெண்களை அடிக்கக் கூடாது என்று தொடங்கி, சில பெண்களுக்குச் சில நேரம் ஓர் அறை தேவைப்படும் என்று முடிக்கிறான். இயக்குநர் எதிர்வாதம் செய்வதில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. பதிலுக்குப் பாய்ந்திருந்தால் அவன் வாயை மூடிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். இப்போது அந்த வாக்கியம் யாரும் பிடித்து இழுக்காமல் அவனே சொன்னதாக நிற்கிறது. எனினும் ஒரு குறை நியாயமானது: ஸாக்கின் கவர்ச்சிக்குப் படம் கொடுக்கும் நேரம் அதிகம். அவன் உள்ளே நொறுங்கியிருப்பதைப் பார்க்கச் செலவிடும் பொறுமையில் பாதிகூட, குழந்தையோடு வேலைக்குப் போய்வரும் நீனாவின் நாட்களுக்கு இல்லை.

கியரின் பகுதி வேறு விதம். அவன் அப்பா கண்டிப்பானவர், அடித்தவர்; சண்டையிட்டு வெறுப்பைக் கொட்டிய பிறகு அவர் இறந்துபோனார், மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. அன்று கண்டிப்பு என்றார்கள், இன்று இதைச் சிறுவர் வதை என்பார்கள் என்று அவன் சாதாரணமாகச் சொல்கிறான். அழுதாயா என்று கேமராவின் பின்னிருந்து கேள்வி வருகிறது. நீ அழமாட்டாயா என்று அவன் திருப்புகிறான். நான் அழுதேன் என்கிறது பின்னாலிருக்கும் குரல். பேட்டி எடுப்பவர் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்று இதழியல் வகுப்பில் சொல்லித்தருவார்கள். இங்கே விதியை மீறியதால்தான் கதவு திறக்கிறது. நம்பிக்கை இருக்கும் அறையில் மட்டுமே அப்படி மீற முடியும். பிறகு அவன் அப்பாவின் கல்லறையைத் தேடிப் போகிறான், எங்கே என்று சரியாகத் தெரியவில்லை, புல்வெளியில் சுற்றிச்சுற்றி வருகிறான். அவன் தேடி முடிக்கும்வரை கேமரா விலகி நிற்கிறது. வெள்ளை நண்பர்கள் நடுவில் கறுப்பனாக இருப்பது எப்படி என்பதும் இவன் வழியாகத்தான் வருகிறது. காரில் போகும்போது காவல்துறை நிறுத்தினால் தனக்கும் நண்பர்களுக்கும் ஒன்றல்ல என்பது அவனுக்குத் தெரியும். அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

தமிழ்நாட்டோடு ஒப்பிட ஒரு படம் இருக்கிறது. மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமியையும் தனியாக அவளை வளர்க்கும் தாயையும் பற்றிய 'கமலி', 2020இல் பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவின் பிரிட்டிஷ் குறும்படப் பிரிவில் பரிந்துரை பெற்றது. இயக்கிய சாஷா ரெயின்போ வெளியிலிருந்து வந்தவர். வெளியாளின் கண்ணுக்கு வெறுங்காலும் கடலும் பாவாடைச் சிறுமியும் உடனே படும், படம் அழகாக இருக்கும். வீட்டுக்குள் எப்போது யார் குரல் உயரும் என்பது பன்னிரண்டு வருடம் கூடவே விழுந்தெழுந்தவனுக்குத்தான் தெரியும். அதற்கு அவன் கொடுக்கும் விலையும் உண்டு: படமெடுத்து முடிந்த பிறகு அவன் விமானம் ஏறிப்போக முடியாது.

பிங் லியு அந்த விலையைத் தன் தாயிடம் கொடுக்கிறார். அம்மாவை உட்காரவைத்து, மாற்றாந்தந்தை தன்னை அடித்தது தெரியுமா என்று கேட்கும் பேட்டி. விளக்குகள் அமைத்து, இரண்டு கேமரா வைத்து எடுத்தது. ஒன்று அம்மாமீது, மற்றொன்று கேட்பவர்மீது. பழைய வீட்டில் மாற்றாந்தந்தை வழித் தம்பி, பிங்கின் அறையிலிருந்து வந்த அலறலைக் கேட்டதாகச் சொல்வது அதற்கு முன்பே வந்துவிடுகிறது, ஆகவே அம்மா என்ன சொன்னாலும் பார்வையாளருக்கு ஒரு பகுதி தெரியும். அம்மாவும் அதே மனிதனிடம் அடிவாங்கியவர். தொழில்முறையில் பார்த்தால் இரண்டாவது கேமரா வெறும் கட்-அவே ஷாட்டுக்கு: பேச்சின் நடுவில் வெட்டுவதற்கு ஒரு மறைப்பு. இங்கே அதன் வேலை வேறு. மற்ற எல்லாரையும் கேமராமுன் அழவைத்தவர் தன் முகத்தை மறைத்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்காது. அம்மா உடைந்துபோகும்போது கேட்பவரின் முகத்தில் தெரிவது வெற்றி இல்லை, இதைக் கேட்டே இருக்கக் கூடாதோ என்ற திகைப்பு.

படம் 2018 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, புதிய பாதை திறக்கும் படமாக்கலுக்கான நடுவர் சிறப்பு விருது பெற்றது. ஆகஸ்டில் ஹுலு என்ற இணையத் திரைத்தளம் வெளியிட்டது. அந்த வருட இறுதியில் பராக் ஒபாமா தனக்குப் பிடித்த படங்களின் பட்டியலில் சேர்த்தார். ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. விருது, கயிறில்லாமல் பாறை ஏறுபவரைப் பற்றிய 'ஃப்ரீ சோலோ'வுக்குப் போயிற்று. விழுந்தால் சாவு என்ற படம், விழுந்துகொண்டே இருப்பவர்களைப் பற்றிய படத்தை வென்றதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

இரண்டாம் தடவை பார்ப்பவர்கள் வயதைக் கவனிக்கலாம். திரையில் எந்த வருடம் என்று எழுத்துப் போடுவதில்லை. பதினொரு வயதுக் கியரும் வளர்ந்த கியரும் ஒரே படத்துக்குள் இருக்கிறார்கள். பழைய காட்சி மங்கல், ஓரம் கலங்கல், புதியது கூர்மை. காலம் எவ்வளவு போயிற்று என்பதைக் கேமராவின் தரமே சொல்கிறது. குழந்தையின் உயரம் சொல்கிறது. ஸாக்கின் கண்ணுக்குக் கீழுள்ள கறுப்பு சொல்கிறது. கடைசியில் கியர் பாத்திரம் கழுவும் தொட்டியைவிட்டு மேசைகளுக்கு உணவு பரிமாறும் வேலைக்கு உயர்ந்து, காசு சேர்த்து, ராக்ஃபோர்டைவிட்டு மேற்கே கொலராடோ மாநிலத்தின் டென்வருக்குக் கிளம்புகிறான். ஸாக்கும் முன்பொரு தடவை டென்வர் போனவன்தான். அவன் திரும்பி வந்துவிட்டான்.